காவிரிக் கரையிலிருந்து ஜெர்மனிக்கு: மொழியும் வாழ்க்கையும் கற்க முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு ஜெர்மனியை யோசிக்கிறார்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது முக்கியக் காரணம். வீட்டில் முதலில் எழும் கேள்வி பணம், அடுத்தது விசா. மொழி பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். வந்தாலும், ‘கோர்ஸ் இங்கிலீஷ்லதான் நடக்குது, ஜெர்மன் தேவையில்லை’ என்று ஏஜென்ட் சொன்ன பதிலோடு முடிந்துவிடும்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம், டாக்டரின் கேள்வி, ரயில் நிலைய அறிவிப்பு, வங்கிக் கடிதம், பகுதிநேர வேலைக்கான நேர்காணல், மாடிப்படியில் எதிர்ப்படும் பாட்டியின் விசாரிப்பு எல்லாம் ஜெர்மனில்தான். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் ஜெர்மனில் பி1 நிலையை, அதாவது ஆறு நிலைகளில் மூன்றாவதை, முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். அதை ஊரில் இருந்தபடியே முடிக்க முடியும். தமிழ்வழியில் படித்தவர்களாலும் முடியும்.

படி 1: காலக்கணக்கு போடுங்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது, கோடைப் பருவம் ஏப்ரலில். குளிர்காலப் பருவத்துக்கு விண்ணப்பிக்கப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான முதுநிலைப் படிப்புகளில் பல, மார்ச் அல்லது மே மாதத்தோடு கதவை மூடிவிடும். ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் தேதியைத் தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மொழியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்து பி1 முடிக்க 350 முதல் 650 வரை பாடவேளைகள் வேண்டும் என்று ஜெர்மன் மொழி கற்பிக்கும் கெத்தே நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பத்துப் பதினோரு மாதத்தில் தாராளமாக முடியும்.

அப்படியானால் போகிற வருடத்துக்கு முந்தைய வருடம் சித்திரையிலேயே ஏ1 தொடங்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் சமயத்தில் ஏ1 முடிந்திருக்கட்டும். தீபாவளிக்குள் ஏ2. பொங்கல் விடுமுறையில் பி1 பாதி தாண்டியிருந்தால், பங்குனியில் தேர்வு எழுதிவிடலாம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நடவு, அறுவடை சமயத்தில் வீட்டு வேலை கூடும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அந்த வாரங்களில் புதுப்பாடம் வேண்டாம், பழைய பாடத்தைக் காதால் கேட்டால் போதும்.

ஜெர்மன்வழிப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு பி1 போதாது. பொதுவாக டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் 4-ஆம் நிலை, அல்லது டிஎஸ்ஹெச் தேர்வில் 2-ஆம் நிலை கேட்பார்கள். இரண்டுமே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஜெர்மன் மொழித் தேர்வுகள். அதற்கு இன்னும் ஒரு வருடமாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள்

டெல்டாவில் நல்ல ஜெர்மன் வகுப்பு கிடைப்பது சுலபமில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கெத்தே நிறுவனம், அதாவது மாக்ஸ் முல்லர் பவன், நேரடி வகுப்பும் இணையவழி வகுப்பும் நடத்துகிறது. சென்னையில் தங்கிப் படிக்க வசதி இல்லாதவர்களுக்கு இணையவழி வகுப்பே போதும், குறையொன்றும் இல்லை. தேர்வுக்கு மட்டும் சென்னை போய்வரலாம். தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலையில் சென்னை. தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பதிவு திறக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

உள்ளூரில் தனியாரிடம் படிப்பதானால், பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஆசிரியரே எந்த நிலை வரை தேர்வு எழுதியிருக்கிறார்? வகுப்பில் பேச எவ்வளவு நேரம் கிடைக்கும்? கேட்டல் பயிற்சிக்கு ஒலிப்பதிவு போடுவார்களா? ‘முப்பது நாளில் பி1’ என்று போர்டு வைத்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கெத்தே பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வாங்க வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களான நம் பிள்ளைகள் கேட்டலிலும் பேசுதலிலும்தான் சறுக்குகிறார்கள். டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் ஏ1 முதல் பி1 வரை இலவச வீடியோ பாடங்கள் வைத்திருக்கிறது. மெதுவாக வாசிக்கப்படும் செய்தியும் அங்கே உண்டு. பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொள்ள அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

படி 3: தமிழை வைத்து ஜெர்மனைப் பிடியுங்கள்

நம் ஊரில் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘எனக்கு இங்கிலீஷே சரியா வராது, ஜெர்மன் எப்படி வரும்’ என்று தமிழ்வழியில் படித்த பிள்ளை ஒதுங்கிப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஜெர்மன் இலக்கணத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமான இடங்கள் பல உண்டு.

வேற்றுமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் யோசிப்பவருக்கு ஜெர்மனின் நான்கு வேற்றுமைகள் பெரிய மலை. நாம் பள்ளியிலேயே எட்டு வேற்றுமை படித்தவர்கள். ஜெர்மனின் அக்குசாட்டிவ் ஏறத்தாழ நம் இரண்டாம் வேற்றுமை, ‘ஐ’. டாட்டிவ் நம் நான்காம் வேற்றுமை, ‘கு’. கெனிட்டிவ் ஆறாம் வேற்றுமை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாம் உருபைப் பெயர்ச்சொல்லின் கடைசியில் சேர்க்கிறோம், அவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொல்லை மாற்றுகிறார்கள்.

இன்னும் அருமையான ஒற்றுமை ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களில் இருக்கிறது. எனக்குக் குளிருகிறது என்பதை ‘மீர் இஸ்ட் கல்ட்’ என்பார்கள். ‘மீர்’ என்றால் ‘எனக்கு’. எனக்கு வலிக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கும் அதே ‘மீர்’ வரும். ஆங்கில வழியில் போகிறவர் ‘நான்’ என்று தொடங்கித் தடுமாறுவார். தமிழிலிருந்து நேராகப் போனால் வாக்கியம் தானாக விழும்.

வினைச்சொல்லும் அப்படித்தான். ‘வைல்’, அதாவது ‘ஏனென்றால்’, வந்துவிட்டால் அந்தத் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும், தமிழில் போலவே. ஆனால் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். அதைத் தனியாகப் பழக வேண்டும், தமிழ் அங்கே உதவாது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். பலம் குறில் நெடில். ஜெர்மனில் ‘ஷ்டட்’ என்றால் நகரம், ‘ஷ்டாட்’ என்றால் அரசு. ‘மிட்டெ’ என்றால் நடு, ‘மீட்டெ’ என்றால் வாடகை. உயிரின் நீளம்தான் முக்கிய வித்தியாசம். குறில் நெடிலோடு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். பலவீனம் க, ட, ப எழுத்துகளில். தோட்டத்துக்கும் சீட்டுகளுக்கும் ஜெர்மனில் முதல் ஒலி மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கார்ட்டென்’ ஆகிவிடும். நன்றி சொல்வதும் பெட்ரோல் போடுவதும் இரண்டுமே ‘டங்கென்’. அதனால் உங்கள் நோட்டில் ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கம் முதல் வாரத்தோடு நிற்க வேண்டும். இங்கே நான் எழுதியிருப்பது ஒலியைத் தோராயமாகக் காட்டத்தான். நோட்டில் ரோமன் எழுத்து இருக்கட்டும், பக்கத்தில் பொருள் தமிழில் இருக்கட்டும்.

டேர், டி, டாஸ் என்ற மூன்று பாலுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி இரண்டுமில்லாத நடுப்பால். நம் உயர்திணை, அஃறிணை அறிவை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று நிற மையில் எழுதினால் கண்ணிலும் பதியும்.

எண்களில் கவனம் தேவை. 45 என்பதை ‘ஐந்தும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். போன் நம்பர் வாங்கும்போதும் கடையில் விலை கேட்கும்போதும் இலக்கம் மாறிப்போகும். ‘ஹால்ப் ஆக்ட்’ என்று சொன்னால் ஏழரை மணி. எட்டில் பாதி என்ற கணக்கு அது. எட்டரைக்குப் போய் நின்றால் கூட்டம் முடிந்திருக்கும்.

படி 4: தினசரிப் படிப்பை அமைத்துக்கொள்ளுங்கள்

இந்த மண்ணுக்கு வந்து மொழி கற்ற ஒரு ஜெர்மானியரின் முறையைச் சொல்கிறேன். சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துச் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதித்தான் தமிழைத் தொடங்கினார். பிறகு தம் படிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலையில் முன்பு குறித்து வைத்த சொற்களைத் திரும்பச் சொல்வது. பிறகு ஒரு முதிய புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நூல் படிப்பது. புதுச்சொல் வந்ததும் குறித்துக்கொள்ள ஏற்பாடு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, இன்னொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. அகராதியும் ஒலிப்பதிவும் கைக்கு எட்டாத காலம் அது. 1716-இல் ஹாலே நகரில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் அச்சானது.

நீங்களும் இதையே செய்யலாம். காலையில் அரை மணி நேரம் பழைய சொற்கள், கண்டிப்பாக வாய்விட்டு. பகலில் வகுப்பு அல்லது பாடநூல். மாலையில் ஒரு பக்கம் படித்துப் புதுச்சொல்லை வாக்கியத்தோடு குறிப்பது. தூங்கும் முன் கேட்டல். வாய்விட்டுப் படிக்க வீட்டில் கூச்சமாக இருந்தால் மொட்டைமாடிக்கோ ஆற்றங்கரைக்கோ போங்கள். கூச்சம் இங்கேயே தீர்ந்துபோவது நல்லது.

ஏ2 முடிந்ததும் பேச ஆள் தேடுங்கள். கூடப் படிக்கும் இருவர் தினம் பத்து நிமிடம் போனில் ஜெர்மனில் மட்டும் பேசுவதே பெரிய காரியம். தவறு வந்தால் நிறுத்தித் திருத்த வேண்டாம், பேச்சு ஓடட்டும்.

படி 5: காகிதங்களும் பணமும்

முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஜெர்மன் படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டம் எல்லா இடத்திலும் வரும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் பின்னால் வசதி. பள்ளிச் சான்று, பட்டம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

இந்திய மாணவர்கள் மாணவர் விசா கேட்க ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்டதற்கான சான்று, வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே இதைக் கேட்பதால் முந்தைய ஆண்டு இறுதியிலேயே அனுப்பிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது என்பதை டிஏஏடி எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகத் தேடலாம். இதற்கு ஏஜென்டுக்குப் பணம் தர வேண்டியதில்லை.

ஜெர்மனியில் 1.0 உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சி. நம் சதவீதத்தை மாற்ற ஒரு சூத்திரம் உண்டு: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி 40 என்று வைத்தால், 75 சதவீதம் வாங்கியவருக்கு 2.25. பல படிப்புகள் 2.5-க்குள் கேட்கும்.

அடுத்து, வீட்டாரைக் கலங்கவைக்கும் விஷயமான முடக்கக் கணக்கு. ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அவ்வப்போது உயர்த்துவார்கள் என்பதால் விண்ணப்பிக்கும் நேரத்துத் தொகையைப் பாருங்கள். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது கட்டணம் இல்லை, உங்கள் பணமே மாதம் 992 யூரோவாக உங்களுக்குத் திரும்பி வரும். இதைப் புரியவைக்காமல் சில இடைத்தரகர்கள் பெற்றோரைப் பயமுறுத்தி, ‘ஏற்பாடு செய்கிறோம்’ என்று வட்டிக்குப் பணம் காட்டுகிறார்கள். அதில் சிக்காதீர்கள். போன பிறகு மாதாமாதம் செலவுக்குப் பணம் வேண்டும் அல்லவா, காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும் பணம் உங்களைக் காப்பாற்றாது. நிலத்தை விற்பதற்கு முன் வங்கிக் கல்விக் கடனை முழுமையாக விசாரியுங்கள்.

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. மற்ற இடங்களிலும் சிறு பருவத் தொகை கட்ட வேண்டும்.

படி 6: இறங்கியதும் செய்ய வேண்டியவை

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே ஷ்டூடியரெண்டன்வெர்க் எனும் மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். தனியார் அறை பார்க்கும்போது, ‘கல்ட்மீட்டெ’ என்றால் சூடேற்றும் செலவு, பராமரிப்பு எதுவும் சேராத வாடகை, ‘வார்ம்மீட்டெ’ என்றால் அவை சேர்ந்தது. முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் கல்ட்மீட்டெக்கு மேல் கேட்கக் கூடாது. அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் வரும். வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பதிந்தால், பின்னால் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வரும்போது அந்த வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் சபை வரி சேரும். என்ன எழுதுவது என்பது உங்கள் முடிவு, தெரிந்து எழுதுங்கள்.

தபாலை அலட்சியம் செய்யாதீர்கள். ஜெர்மனியில் முக்கியமான எல்லாம் இன்னும் கடிதமாக வரும். ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு வரும் கடிதம் மோசடி இல்லை, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுக்கலாம்.

படி 7: வகுப்பறைப் பழக்கம்

கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் வகுப்பு பதினைந்து நிமிடம் தள்ளித் தொடங்கும். பத்து என்றால் பத்தேகால். ‘எஸ்.டி.’ என்றால் சரியாகப் பத்து. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கை தட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். நீங்களும் தட்டுங்கள்.

‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிடும் வழக்கம் அங்கே கிடையாது. ஆணுக்கு ‘ஹெர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’, அதோடு குடும்பப் பெயர். ‘டூ’ என்பதும் ‘ஸீ’ என்பதும் நம் நீ, நீங்கள் போலத்தான், ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் ஊரில் வயதில் பெரியவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்கள் என்போம். அங்கே பேராசிரியரும் உங்களை ‘ஸீ’ என்றே மரியாதையாகப் பேசுவார். அதை விலகலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவர்களுக்குள் முதல் நாளிலிருந்தே ‘டூ’தான்.

தலையாட்டலைக் கவனியுங்கள். சரி என்று நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலை அவர்களுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். வாயைத் திறந்து ‘யா’ அல்லது ‘நைன்’ சொல்லிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது கேள்வி கேட்பது. ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசினால் அவமரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே கருத்தரங்கு வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் படித்துவிட்டு வரவில்லை என்றே நினைப்பார்கள். ‘எனக்கு இது புரியவில்லை, இன்னொரு முறை விளக்க முடியுமா’ என்ற ஒரே வாக்கியத்தை ஜெர்மனில் நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள். உங்கள் வேலையை விமர்சிக்கும்போது நேராகச் சொல்வார்கள், பூசி மெழுக மாட்டார்கள். அந்தக் குறை வேலையைப் பற்றியது, உங்களைப் பற்றியது இல்லை. அதே ஆள் அரை மணி கழித்து உங்களோடு காபி குடிக்க வருவார்.

படி 8: வீடும் அக்கம்பக்கமும்

இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே அமைதி நாள், கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே காய்கறி, பால் வாங்கிவிடுங்கள். மிக்ஸி ஓட்டுவதும் சனிக்கிழமைப் பகலில் முடியட்டும். மின்சாரம் இங்கே போல 230 வோல்ட்தான், பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும்.

வீடுகளில் புகை அறியும் கருவி கட்டாயம். கடுகு, மிளகாய் தாளிக்கும்போது அது அலறும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாளியுங்கள். குளிர்காலத்திலும் தினம் சில தடவை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் முன்பணத்தில் கழியும். குப்பையைக் காகிதம், பொட்டலம், காய்கறிக் கழிவு, மீதி என்று பிரித்துப் போட வேண்டும். தொட்டியின் நிறம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பிளாஸ்டிக் பாட்டில்களை எறிய வேண்டாம், கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

விருந்துக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சாப்பிடச் சொன்னால் முதலில் ‘பரவாயில்லை, வேண்டாம்’ என்போம், வீட்டுக்காரர் மூன்று தடவை வற்புறுத்துவார், பிறகு சாப்பிடுவோம். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தட்டை எடுத்துவிடுவார்கள். பசித்தால் உடனே சரி என்று சொல்லுங்கள். அதே மாதிரி உங்கள் வீட்டுக்கு வந்தவர் போதும் என்றால் இலையில் இன்னொரு கரண்டி போடாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னாலேயே சொல்வது அங்கே கெட்ட சகுனம். பிறந்தநாள்காரர்தான் கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்.

படி 9: தமிழ்க் கூட்டமும் ஊர் ஏக்கமும்

நவம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும். கார்த்திகை தீபம் வரும், வீட்டில் அகல் விளக்கு ஏற்றிப் போட்டோ அனுப்புவார்கள். அந்த வாரங்கள் கஷ்டமானவை. இதைப் பலவீனம் என்று நினைத்து உள்ளே அடக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களில் இலவச உளவியல் ஆலோசனை உண்டு, மாணவர் நல அமைப்பிலும் கேட்கலாம்.

ஜெர்மனியில் ஈழத் தமிழர்கள் பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். அவர்கள் கடைகளில் புளி, கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-இல் குடமுழுக்கு நடந்தது, ஆண்டுத் திருவிழாவில் தேர் ஓடும். ஒரு தடவை போய்வாருங்கள், மனதுக்கு இதமாக இருக்கும்.

ஆனாலும் நான்கு தமிழ் நண்பர்களோடு ஒரே வீட்டில் குடியேறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாடகை குறையும், சாப்பாடு நன்றாக இருக்கும், ஜெர்மன் வளராது. வாரத்தில் ஒரு நாள் தமிழ் நண்பர்களோடு சமையல், மற்ற நாள் ஜெர்மன் பேசும் வீட்டில் வாசம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

அம்மா அப்பாவிடம் நேர வித்தியாசத்தைச் சொல்லி வையுங்கள். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நான்கரை. வீட்டில் இரவு ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் உங்களுக்கு மாலை நான்கரை, வகுப்பிலோ வேலையிலோ இருப்பீர்கள். ஞாயிறு மதியத்தை வீட்டுக்கென ஒதுக்கிவிட்டால் இரு பக்கமும் நிம்மதி.

படி 10: மொழியை நிறுத்தாதீர்கள்

பி1 சான்றிதழ் வாங்கியதும் புத்தகத்தை மூடுபவர்கள்தான் அதிகம். போன முதல் பருவத்திலேயே பல்கலைக்கழக மொழி மையத்தில் பி2 வகுப்பில் சேருங்கள், மாணவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம் அல்லது சிறு கட்டணம்தான். இடம் கிடைக்காவிட்டால் ஊரில் உள்ள ஃபோக்ஸ்ஹோக்ஷூலே எனும் மக்கள் கல்வி நிலையத்தில் சேரலாம். ‘டாண்டம்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஜெர்மன் மாணவர் ஒருவருக்கு நீங்கள் தமிழோ ஆங்கிலமோ சொல்லித் தருவீர்கள், அவர் உங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தருவார். விளையாட்டு வகுப்பு, பாட்டுக் குழு, தோட்ட வேலைக் குழு என எதிலாவது ஒன்றில் சேர்ந்தால் பாடநூலில் இல்லாத பேச்சு மொழி காதில் விழும். வடக்கே ‘மொய்ன்’ என்று வணக்கம் சொல்வார்கள், தெற்கே பவேரியாவில் ‘க்ரூஸ் காட்’. தஞ்சாவூர்ப் பேச்சும் நெல்லைப் பேச்சும் தெரிந்த நமக்கு இது புதிதில்லை, முதல் மாதம் புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

பகுதிநேர வேலைக்கு ஆண்டில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. தொடக்கத்தில் கிடங்கு வேலை கிடைக்கும், அங்கே பேச்சு அதிகம் இருக்காது. பி2 வந்ததும் பேக்கரி, நூலகம், பல்கலைக்கழக ஆய்வகம் என்று ஆட்களோடு பேசும் வேலைக்கு மாறுங்கள். கூலி ஒன்றேயானாலும் அந்த வேலையில் மொழியும் வளரும்.

பட்டம் வாங்கிய பிறகு, படிப்புக்கேற்ற வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி கேட்கலாம். மென்பொருள் போன்ற சில துறைகளை விட்டால் நேர்காணல் ஜெர்மனில்தான் நடக்கும். அதனால் கடைசிப் பருவம் தொடங்கும்போது சி1 வகுப்பில் உட்கார்ந்திருக்கும்படி திட்டமிடுங்கள். வேலை விண்ணப்பக் கடிதத்தை அந்த வகுப்பிலேயே எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்கிக்கொள்ளலாம்.